ஒரு டம்ளர் டீக்கு 25 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தண்ணீரில் வெயில் பட்டால் ஹைட்ரஜன் தரும் நானோ பொடியைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் உங்கள் நாளிதழ் வாங்கத் தொடங்கி நாற்பது வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் இந்தக் கட்டுரையை நான் முதலில் பார்த்தது தெருமுனை டீக்கடைச் சுவரில். கடைக்காரர் அதைக் கத்தரித்து, பால் கணக்கு எழுதும் சிலேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். 'வெயிலும் தண்ணீரும் போதும், எரிவாயு இலவசம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

"சார், நீங்கள் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில்தானே வேலை பார்த்தீர்கள்? இது நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். அப்படிச் சொன்னதுதான் பிசகு. உடனே கல்லாப்பெட்டியைத் திறந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினார். கடைகளுக்கான ஹைட்ரஜன் அடுப்பு, முன்பதிவுக்கு 20,000 ரூபாய் என்று அச்சடித்திருந்தது. நோட்டீஸ் கொடுத்த ஆள் உங்கள் கட்டுரையை லேமினேட் செய்து கையில் வைத்திருந்தாராம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார் கடைக்காரர்.

அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பேராசிரியர் இல்லை. பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் வகுப்பு. ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 29 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். குடுவை கழுவுவது, கரைசல் தயாரிப்பது, சிலிண்டர் மாற்றுவது, ஆய்வு மாணவர்கள் நள்ளிரவில் விட்டுப்போன விளக்கை அணைப்பது எல்லாம் என் வேலை. அதில் கடைசி ஒன்பது வருடம், நீங்கள் எழுதிய அதே பொடிகளோடுதான் கழிந்தது. ஆகவே கட்டுரை பொய் என்று சொல்ல வரவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கலாம். விட்டுப்போன வரிகளில்தான் கடைக்காரரின் 20,000 ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையில் ஓர் எண்ணைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். ஒரு கிராம் பொடி மணிக்கு 5,000 மைக்ரோமோல் ஹைட்ரஜன் தருகிறது என்று. ஐயாயிரம் என்றதும் வாசகர் மனதில் ஒரு சிலிண்டர் எழுந்து நிற்கும். மைக்ரோமோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் மிகச் சிறிய அலகு. அதைக் கிராமாக மாற்றிப் பாருங்கள். 5,000 மைக்ரோமோல் ஹைட்ரஜனின் எடை 10 மில்லிகிராம். நகைக்கடைத் தராசில் முன்பெல்லாம் வைத்த குண்டுமணி ஒன்றின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் முழு ஒரு கிராம் பொடிக்கு. ஆய்வகத்தில் யாரும் ஒரு கிராம் போடுவதில்லை. 50 மில்லிகிராம் போட்டுச் சோதித்துவிட்டு, கிடைத்ததை இருபதால் பெருக்கி 'கிராமுக்கு இவ்வளவு' என்று எழுதுவார்கள். ஆக, குடுவையில் உண்மையிலேயே மணிக்கு வந்தது அரை மில்லிகிராம். ஊசியில் இழுத்தால் 6 மில்லிலிட்டர் இருக்கும்.

டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கட்டுரையின் ஓரத்திலேயே பென்சிலால் மீதிக் கணக்கைப் போட்டேன். அந்த 6 மில்லிலிட்டரை எரித்தால் சுமார் 71 ஜூல் வெப்பம் வரும். ஒரு டம்ளர் டீக்கு 150 மில்லிலிட்டர் தண்ணீர் என்று வைத்தால், அதைக் கொதிக்கவைக்க 44,000 ஜூல் வேண்டும். ஒரு சொட்டு வெப்பமும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் 600 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு பகல் அணைக்காமல் விளக்கு எரிந்தால் 25 நாள். அந்த விளக்கு வெயில் இல்லை, 300 வாட் செனான் விளக்கு. 25 நாளில் அது தின்னும் மின்சாரம் 180 யூனிட்டுக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே சுமை கூலி முக்கால் பணத்தோடு நிற்கவில்லை.

கடைக்காரர் கணக்கைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியென்றால் ஒரு கிலோ பொடி போட்டால் சீக்கிரம் கொதிக்காதா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பொடியை அதிகம் போட்டால் தண்ணீர் பாலாக வெளுத்துப்போகும். முன்னால் இருக்கும் துகள்கள் ஒளியைக் குடித்துவிட, பின்னால் இருப்பவை இருட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். விழுகிற ஒளிக்கு மேல் ஒரு சொட்டும் கிடைக்காது. நெல் விளைச்சலை ஏக்கருக்கு இவ்வளவு என்று சொன்னால்தான் விவசாயிக்குப் புரியும். விதைத்த விதைநெல் கிலோவுக்கு இத்தனை மூட்டை என்று ஒருவர் பீற்றிக்கொண்டால் விதையைக் குறைத்துப் போட்டே அவர் பெயர் வாங்கிவிடலாம். பொடியின் எடையால் வகுப்பதும் அந்த ரகம்தான். கேட்க வேண்டியது, விழுந்த ஒளியின் ஆற்றலில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஹைட்ரஜனாக மாறியது என்பது.

அந்தக் கணக்கில் இன்று உலகம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பம் ஜப்பான். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தைத் தண்ணீரில் வைத்து, பிளாட்டினத்தோடு கம்பியால் இணைத்து, ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் ஹைட்ரஜன். 1972இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எங்கள் பேராசிரியர் ஒவ்வொரு புது மாணவருக்கும் முதல் நாள் இந்தக் கதையைச் சொல்வார். நான் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடு வேறொன்றுமில்லை, சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருக்கிற அதே வெள்ளை. அதன் தாதுவான இல்மனைட் நம்முடைய மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கறுப்பாகக் கிடக்கிறது.

அப்படியானால் வெள்ளையடித்த சுவரெல்லாம் மழையில் நனைந்து வெயில் பட்டால் ஏன் ஹைட்ரஜன் விடவில்லை? இரண்டு காரணம். ஒன்று, அந்த வெள்ளைக்குப் புற ஊதா ஒளிதான் ஆகாரம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பூமிக்கு வரும் வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான். இரண்டாவது காரணத்தில்தான் நானோ என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. ஒளி பட்டதும் துகளுக்குள் ஓர் எலெக்ட்ரான் கிளம்புகிறது. அது விட்டுப்போன இடம் துளையாக நிற்கிறது. எலெக்ட்ரான் மேற்பரப்புக்கு வந்தால் ஹைட்ரஜன் பிறக்கும், துளை மேற்பரப்புக்கு வந்தால் ஆக்சிஜன் பிறக்கும். ஆனால் கிளம்பிய எலெக்ட்ரான் பாதி வழியிலேயே துளையில் போய் விழுந்துவிடுகிறது. மிச்சம் வெறும் சூடு. துகள் பெரிதாக இருந்தால் நடக்கும் தூரம் அதிகம், வழியில் விழும் வாய்ப்பும் அதிகம். சிறிதாக இருந்தால் சில எட்டில் கரை ஏறிவிடும், மேற்பரப்பும் தாராளம். ஆனால் மிகவும் பொடித்தால் துகளில் குறைகள் கூடி, அதிலேயே எலெக்ட்ரான் சிக்கிக்கொள்வதும் உண்டு. 'நானோ' என்று பெயர் வைத்தால் போதும் என்று இல்லை.

இந்தத் துறையில் கசுனாரி டோமென் என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. உங்கள் கட்டுரையில் அந்தப் பெயர் இல்லை. 2020இல் அவருடைய குழு ஒரு பொடியைக் காட்டியது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் சிறிது அலுமினியம் சேர்த்தது. ஒரு துகளின் சில முகங்களில் ஹைட்ரஜன் பிறப்பதை வேகப்படுத்தும் ஊக்கியையும், வேறு முகங்களில் ஆக்சிஜன் பிறப்பதை வேகப்படுத்தும் ஊக்கியையும் படியவைத்தார்கள். எலெக்ட்ரானுக்கு ஒரு வாசல், துளைக்கு ஒரு வாசல். 350 முதல் 360 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியில், விழுந்த ஒளித்துகள்களில் நூற்றுக்கு 96 வரை வேலைக்கு வந்தன. எங்கள் பேராசிரியர் அந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் ஏறக்குறைய ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த வருடமே, அதாவது 2021இல், அதே பொடியை வைத்துத் திறந்தவெளியில் 100 சதுர மீட்டருக்குப் பலகைகளைப் பரப்பிச் செய்த சோதனையை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் சதுரம், மொத்தம் 1,600 பலகை. கண்ணாடிக்கும் பொடி பூசிய தகட்டுக்கும் நடுவில் நூலிழை அளவு தண்ணீர். பல மாதம் ஓடியது. தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றவில்லை. உலகத்திலேயே இந்த முறையில் இவ்வளவு பெரிதாக அதுவரை யாரும் செய்ததில்லை. அதிகபட்சம் எவ்வளவு கிடைத்தது தெரியுமா? வெயிலின் ஆற்றலில் நூற்றுக்கு 0.76.

96 எங்கே, 0.76 எங்கே! இரண்டு எண்ணும் ஒரே பொடியுடையவை, இரண்டும் உண்மை. 96 என்பது அதற்குப் பிடித்த புற ஊதாவை மட்டும் ஊட்டியபோது. 0.76 என்பது இயற்கை தரும் முழு வெயிலில். முதல் எண்ணை மட்டும் போட்டு ஒரு தலைப்பு எழுதினால் பொய் சொன்னதாக யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் படிப்பவர் ஏமாந்துதான் போவார்.

100 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம். நல்ல உச்சி வெயிலில் அத்தனை பலகையும் சேர்ந்து, அந்த அதிகபட்சத் திறனிலேயே ஓடினால், மணிக்கு 23 கிராம் ஹைட்ரஜன் வரும். தினம் ஐந்து மணி நேரம் அப்படி வெயில் அடிப்பதாகத் தாராளமாகவே வைத்தாலும், 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்குச் சமமான வெப்பம் சேர இரண்டு மாதம் ஆகும். எங்கள் டீக்கடைக்கு ஒரு சிலிண்டர் நான்கு நாள் வருகிறது. அப்படியானால் அவருக்கு நாற்பது சென்ட் அளவில் பலகை வேண்டும். கடையின் மொத்த அளவு பத்துக்குப் பத்து.

அதே இரண்டரை சென்டில் இன்று கடையில் விற்கும் சூரிய மின்தகடு போட்டால் நாளுக்கு 100 யூனிட் கிடைக்கும். அந்த மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஒன்றே முக்கால் கிலோ ஹைட்ரஜன் வரும். பொடிப் பலகையில் வருவது 115 கிராம். பிறகு எதற்காக இந்தப் பொடியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று என் மருமகன் கேட்டார். மின்தகடு, கம்பி, மின்பகுப்புக் கருவி எதுவும் இல்லாமல், பெயின்ட் அடிப்பதுபோல் ஒரு தகட்டில் பூசி வெயிலில் கிடத்தினால் போதும் என்ற ஆசைதான். நூற்றுக்கு 5 முதல் 10 வரை வந்தால் அந்த ஆசைக்குக் கணக்கு இடிக்காது என்று துறையில் சொல்வார்கள். 2023இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் குழு 9.2 வரை காட்டியது. ஆனால் அது சிலிக்கான் மேல் வளர்த்த இண்டியம் காலியம் நைட்ரைடு நானோ கம்பிகளில், குவித்த ஒளியில், 70 டிகிரி சூட்டில். வெளி வெயிலைக் குவித்துச் செய்தபோது 6.2. பெரிய சாதனைதான். ஆனால் அது சாக்குமூட்டையில் வாங்கும் பொடி இல்லை.

இனி, உங்கள் கட்டுரையில் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் போன விஷயத்துக்கு வருகிறேன். 'சிறிதளவு மெத்தனால் கலந்த நீரில்' என்று எழுதியிருந்தது. அந்தச் சிறிதளவில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. தண்ணீரைப் பிரிப்பதில் கஷ்டமான பாதி ஆக்சிஜனை வரவழைப்பது. அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்க, துளைகளுக்கு இரையாக மெத்தனாலையோ டிரைஎத்தனால்அமீனையோ சோடியம் சல்ஃபைடையோ ஊற்றுவார்கள். நாங்கள் இதைக் காவு கொடுப்பது என்று சொல்வோம். துளை அந்தப் பொருளைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், எலெக்ட்ரான் தொந்தரவில்லாமல் ஹைட்ரஜன் தரும். ஆக்சிஜன் வராது. பொடியின் குணத்தை ஆராய இது நல்ல வழி. ஆனால் மெத்தனால் தானே ஓர் எரிபொருள். அதை ஊற்றி எரிபொருள் எடுத்துவிட்டு, 'தண்ணீரிலிருந்து' என்று தலைப்புப் போடுவது நியாயமா? கேட்மியம் சல்ஃபைடு என்ற மஞ்சள் பொடிக்குச் சோடியம் சல்ஃபைடு ஊற்றும் நாட்களில் மாடிப்படி வரைக்கும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கேன்டீன்காரர் வந்து சண்டை போட்டிருக்கிறார். அதை ஊற்றாவிட்டாலோ, ஒளி பட்டே அந்தப் பொடி தன்னைத் தானே அரித்துக்கொண்டு கேட்மியத்தைத் தண்ணீரில் விடும்.

எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தவறு என் கையால் நடந்தது என்பதால் தயக்கமில்லை.

ஓர் ஆய்வு மாணவி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கார்பன் நைட்ரைடு என்ற பொடியில் வேலை செய்தார். 2009இல் பெயர் வாங்கிய பொடி அது. செய்வது எளிது. உரக்கடையில் விற்கும் யூரியாவையே சுத்தமான தரத்தில் வாங்கி, மூடி போட்ட பீங்கான் குப்பியில் வைத்து, 550 டிகிரி உலையில் சில மணி நேரம் சுட வேண்டும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஆறியதும் திறந்தால் எலுமிச்சை மஞ்சளில், ஊதினால் பறக்கிற பொடி. பத்து கிராம் யூரியா போட்டால் ஒரு கிராம்கூடத் தேறாது. யூரியா அம்மோனியாவிலிருந்து வருகிறது, அம்மோனியா ஹைட்ரஜனிலிருந்து வருகிறது, அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஹைட்ரஜனில் பிறந்ததைச் சுட்டு ஹைட்ரஜன் எடுக்கப் பார்க்கிறோம் என்று நான் ஒருமுறை சொன்னபோது பேராசிரியர் முறைத்தார்.

அந்தப் பொடிமேல் துளி பிளாட்டினம் படியவைக்க வேண்டும், அது இல்லாமல் வேலை நடக்காது. அதற்கான ஆரஞ்சு நிற அமிலம் ஒரு கிராம் குப்பியில் வரும். துறைத்தலைவர் அறை பீரோவில் பூட்டியிருக்கும். சாவி வாங்க ஒரு கையெழுத்து, திருப்பித் தர ஒரு கையெழுத்து. 'மலிவான பொடி' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பீரோதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண் காவுப்பொருள் எதுவும் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். 50 மில்லிகிராம் பொடியை பட்டர் பேப்பரில் நிறுத்து, குவார்ட்ஸ் குடுவையில் தண்ணீரோடு கலந்து, ரப்பர் மூடியால் அடைத்து, அரை மணி நேரம் ஆர்கான் வாயுவைக் குமிழவிட்டுக் காற்றை விரட்டினோம். விளக்கின் சூட்டில் தண்ணீர் காயாமல் இருக்க, மீன் தொட்டி மோட்டாரை ஐஸ் வாளியில் போட்டுக் குடுவையைச் சுற்றித் தண்ணீர் ஓடவைத்தோம். அந்த ஐஸ் மீன் மார்க்கெட்டிலிருந்து நான் வாங்கி வந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஊசியால் அரை மில்லிலிட்டர் வாயு இழுத்து, வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியில் செலுத்துவார். திரையில் கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருக்கும். முதலில் எழும் முகடு ஹைட்ரஜன், அடுத்து ஆக்சிஜன், அதற்கடுத்து நைட்ரஜன். நைட்ரஜன் எழுந்தால் எங்கோ காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

அன்று ஹைட்ரஜன் முகடு கோயில் கோபுரம்போல் எழுந்தது. நைட்ரஜன் இல்லை. பேராசிரியர் எல்லோருக்கும் சமோசா வாங்கிவரச் சொன்னார். இரண்டாவது முகடு இல்லையே என்று யாரும் அப்போது பேசவில்லை. தண்ணீர் பிரிந்திருந்தால் இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் அதே பொடியில் கோபுரம் பாதியானது. மூன்றாம் நாள் மண்டபம் ஆயிற்று. நான்காம் நாள் திண்ணை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொடியைக் கழுவியது நான். கடைசிக் கழுவலுக்கு எத்தனால் ஊற்றியிருந்தேன், சீக்கிரம் உலரும் என்று. அன்று ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில் வேறொருவர் பொருள் இருந்ததால் மின்விசிறிக் காற்றிலேயே உலர்த்திக் கொடுத்துவிட்டேன். பொடியில் ஒட்டியிருந்த எத்தனால்தான் காவாகப் போயிருக்கிறது. அது தீர்ந்ததும் ஹைட்ரஜனும் தீர்ந்தது. மாலையில் டீ கொடுக்கும் சாக்கில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்பே வந்து, பொடியைத் தண்ணீரில் மட்டும் கழுவி, இரவெல்லாம் அடுப்பில் உலர்த்தியதைக் குடுவையில் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கு போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை, பொடியே இல்லாமல் ஒருமுறை. வந்தது மிகச் சொற்பம். அதையே ஆய்வேட்டில் எழுதினார். பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. அந்த எட்டு மாதம் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

விளக்கு போடாமல் ஒருமுறை என்றேனே, அது சடங்குக்குச் செய்வது இல்லை. கரைசலைக் கலக்க உள்ளே ஒரு காந்தக் குச்சி சுற்றும். தாமிர ஆக்சைடு போன்ற சில பொடிகளில், அந்தக் குச்சி குடுவையின் அடியில் உரசுவதாலேயே இருட்டிலும் ஹைட்ரஜன் வரும் என்று 1998இலேயே ஜப்பானியர்கள் எழுதியிருக்கிறார்கள். இருட்டில் பார்க்காதவருக்கு அதுவும் ஒளியின் மகிமையாகத் தெரியும்.

கட்டுரையில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 19,744 கோடி ரூபாய் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தையும் இந்தப் பொடியையும் ஒரே பத்தியில் கட்டிவிட்டீர்கள். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற அந்த இலக்கு, காற்றாலை, சூரிய மின்சாரத்தைக் கொண்டு மின்பகுப்பில் எடுக்கப்போவதை நம்பித்தான் நிற்கிறது. உரத்துக்கும் பெட்ரோலியச் சுத்திகரிப்புக்கும் இன்று எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு போகிறது. அந்த இடத்தில் மாற்று வர வேண்டும் என்பது சரிதான். டீக்கடை அடுப்பு அந்த வரிசையில் எங்கே வருகிறது? மின்சாரம் இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பிலேயே டீ போட்டுவிடலாம், ஹைட்ரஜன் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கட்டுரையில் இல்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது இதில்தான். காவுப்பொருள் ஊற்றாமல் இந்த முறையில் உண்மையாகவே தண்ணீர் பிரிந்தால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வெளியே வரும். ஒரு பொறி போதும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கிலிருந்து 75 பங்கு வரை ஹைட்ரஜன் எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும். தீப்பிழம்பு பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. ஜப்பானில் அந்தப் பலகைச் சோதனையில் வாயுவை வேண்டுமென்றே பற்றவைத்துச் சோதித்தார்கள். வெளிவரும் கலவையிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கத் தனியாக ஒரு பாலிமர் சவ்வு வைத்தார்கள். நீங்களோ 'வீட்டு மொட்டைமாடியிலேயே' என்று எழுதிவிட்டீர்கள். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, பெயின்ட் பொடியும் பிளாஸ்டிக் கேனும் எங்கே கிடைக்கும் என்று என்னிடமே வந்து கேட்டான். அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி அனுப்பினேன். வேறு தெருப் பையன்களுக்கு யார் சொல்வது?

1996இல், தண்ணீரில் மூலிகையைப் போட்டால் பெட்ரோல் ஆகும் என்ற மூலிகை பெட்ரோல் பேச்சு தமிழ்நாடெங்கும் அடிபட்டபோதும் இப்படித்தான். கல்லூரி வாசலில் நின்று ஆட்டோக்காரர்கள் எங்களிடம் விளக்கம் கேட்டார்கள். ஆனால் அதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இதில் இருப்பது முறையான அறிவியல், அரை நூற்றாண்டாக ஆயிரக்கணக்கானவர்கள் ராத்திரி தூக்கம் விட்டுச் செய்கிற வேலை. அதனால்தான் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. 0.76 என்று எழுதினால் அது அவமானம் என்று யார் சொன்னது? பச்சை இலைகூட வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் சேமிப்பது அபூர்வம். 0.76ஐ அப்படியே சொல்லி, அதற்கு அவர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் படிக்க ஆள் இல்லாமலா போய்விடும்?

உங்கள் அறிவியல் பகுதி நிருபருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் ஆய்வாளரிடம் தொலைபேசியில் கேளுங்கள்: வெயிலா, விளக்கா? தண்ணீரில் வேறு என்ன இருந்தது? ஆக்சிஜன் வந்ததா, ஹைட்ரஜனில் பாதி அளவு வந்ததா? எத்தனை மணி நேரம் ஓடியது, அல்லது எத்தனை நாள்? நேர்மையான ஆய்வாளருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

டீக்கடைக்காரர் இதுவரை முன்பணம் கட்டவில்லை. நோட்டீஸ் ஆள் மறுபடி வந்தபோது, ஒரே ஒரு டம்ளர் டீ போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. ஆனால் கட்டுரை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. கிழித்துவிடுங்கள் என்றேன். கேட்கவில்லை. "பத்திரிகையில் வந்ததை எப்படி சார் கிழிப்பது? அவர்களே மாற்றிப் போடட்டும், அதையும் கத்தரித்து இதன் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறேன்" என்கிறார். பால் கணக்கு சிலேட்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டி, இடமும் விட்டுவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
திருநகர், மதுரை.